கரைக்காரர்களின் குரல்

காட்டு ஏரி ஒன்று வற்றிக்கொண்டே வந்தது. ஏரிக்கும் பக்கத்து ஆற்றுக்கும் நடுவே ஒரு மண்கரை. கரையை வெட்டி ஆற்றுத் தண்ணீரை உள்ளே விடலாமா, வேண்டாமா? எல்லாரையும் கேட்டுவிடுவது என்று ஏரிப் பிராணிகள் முடிவு செய்தன.

தலைவன் நீர்நாய் வீரபாகு ஒரு பாறைமேல் ஏறி நின்றான். "வெட்டலாம்கிறவங்க தண்ணியில இறங்குங்க! வேண்டாம்கிறவங்க கரையில ஏறுங்க!"

தள்ளுமுள்ளு, சேறு, கூச்சல்! கடைசியில் தலை எண்ணினார்கள். தண்ணீரில் நின்றவர்கள் ஏழு பேர் அதிகம். கொக்கு, எருமை, உடும்பு எல்லாம் அந்தப் பக்கம். கரையில் நின்றவர்கள் நண்டுகள், எலிகள், ஆமைகள்.

"முடிஞ்சது! ஐந்தாம் நாள் காலையில கரைமேல இருக்கிற அத்திமரத்தடியில வெட்டுறோம்!" என்றான் வீரபாகு.

அதோடு விட்டார்களா? அதுதான் இல்லை! மறுநாளிலிருந்து ஒரு எலி தண்ணீர் குடிக்க வந்தாலும் கேலிதான். "கரைக்காரங்க வந்துட்டாங்கப்பா! தண்ணி வேண்டாம்னவங்களுக்குத் தாகம் மட்டும் எதுக்கு?" என்று கொக்குகள் சிரித்தன. ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஜெயித்த மிதப்பில் இருப்பவர்களுக்குக் காது எங்கே கேட்கிறது?

கரைக்காரர்களில் மூக்காயி என்று ஓர் ஆமை. அவள் அத்திமரத்தடி மண்ணில்தான் பதினான்கு முட்டைகள் இட்டுப் புதைத்திருந்தாள். இன்னும் பத்து நாளில் குஞ்சுகள் வெளியே வந்துவிடும். அதற்குள் தோண்டி வேறு இடத்துக்கு மாற்றவும் முடியாது. முட்டை புரண்டால் உள்ளே இருக்கும் உயிர் போய்விடும். கரை வெட்டுவதை ஆறு நாள் தள்ளிப் போட்டால் போதும். இல்லை, பத்து முழம் தள்ளி வெட்டினாலும் போதும். பாவம், அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அவள் அந்த மண்ணையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான் கிச்சான் என்ற மைனா. அவனுக்கு ஒரு வித்தை தெரியும். யார் பேசினாலும் ஒருமுறை கேட்டால் போதும். அதே குரலில், அதே இருமலோடு, ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்லுவான்.

கிச்சான் வீரபாகுவிடம் போனான். "அண்ணே, ஜெயிச்சவங்க சத்தம் காடு பூரா கேக்குது. தோத்தவங்க என்ன நினைக்கிறாங்கன்னு யாருக்காவது தெரியுமா? நான் ஒவ்வொருத்தரா பார்த்து, அவங்க சொல்றதைக் கேட்டு, சபையில அவங்க குரல்லயே சொல்றேன்."

வீரபாகு அவனை மேலும் கீழும் பார்த்தான். "இதுல உனக்கு என்னடா லாபம்?"

"ஒண்ணும் இல்லண்ணே. கேக்க ஆசை, அவ்வளவுதான்."

"சும்மா யாரும் அலைய மாட்டாங்களே! சரி, போ. நாலாம் நாள் சாயங்காலம் சபையில சொல்லு. நியாயமா ஏதாவது இருந்தா பார்க்கலாம்."

கிச்சான் சந்தோஷமாகக் கிளம்பினான். போகிற வழியில் வழக்கம்போல எருமையின் முதுகில் உட்கார்ந்து நாலு உண்ணி பொறுக்கித் தின்றான். மைனாவுக்கு அது அன்றாடச் சாப்பாடு. ஆனால் கொடுக்கன் என்ற கிழட்டு நண்டு வளைக்குள்ளிருந்து அதைப் பார்த்துவிட்டது. வந்தது வினை!

உடனே கரைக்காரர்களை எல்லாம் ஒரு புதருக்குள் கூட்டியது நண்டு. "பார்த்தீங்களா? எருமை எந்தப் பக்கம் நின்னுச்சு? தண்ணிப் பக்கம்! அது முதுகுல உக்காந்து சாப்பிடுறவன் யாரோட ஆளு?"

"ஒற்றன்!" என்றன எலிகள்.

"அதேதான்! நம்ம வாயைக் கிளறத்தான் வர்றான். யாரும் உண்மையைச் சொல்லிடாதீங்க. எல்லாரும் ஒரே வார்த்தை: எனக்கு ஒரு குறையும் இல்லை, வெட்டுறது ரொம்ப நல்லது. அவ்வளவுதான்!"

மூக்காயி தயங்கினாள். "அண்ணே, என் முட்டை விஷயத்தை மட்டுமாவது சொல்லிடட்டுமா? ஒருவேளை பாவம் பார்த்து..."

"புத்தி இருக்கா உனக்கு? உடும்பு எந்தப் பக்கம்? முட்டை இருக்கிற இடத்தை நீ இன்னைக்குச் சொன்னா நாளைக்கு அது வயித்துக்குள்ள இருக்கும்!"

உடும்பு என்றதும் மூக்காயி தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டாள்.

கிச்சான் ஒவ்வொரு வளையாகப் போனான். "ஒரு குறையும் இல்லை, வெட்டுறது ரொம்ப நல்லது!" என்றது எலி. "ஒரு குறையும் இல்லை, ரொம்ப நல்லது!" என்றது நண்டு. அவனுக்குத் தலை சுற்றியது. கடைசியாக அத்திமரத்தடிக்கு வந்தான்.

"யக்கா, நீங்களாவது மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க. நீங்க ஏன் கரையில ஏறினீங்க?"

மூக்காயியின் கண் அந்த மண்ணைப் பார்த்தது. வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்தா கிச்சானின் காலில் எருமை முடி ஒன்று ஒட்டியிருக்க வேண்டும்! அதைப் பார்த்ததும் அவள் முகம் மாறிப்போயிற்று.

"எனக்கு ஒரு குறையும் இல்லை. வெட்டுறது ரொம்ப நல்லது" என்றாள்.

"நிஜமாவா?"

"ஒரு தடவை சொன்னா புரியாதா? போயிட்டு வா!"

நாலாம் நாள் சாயங்காலம் சபை கூடியது. கிச்சான் பாறைமேல் நின்று எலியின் குரலில் பேசினான், நண்டின் குரலில் பேசினான், மூக்காயியின் குரலிலும் பேசினான். இருபது குரல், ஒரே பேச்சு.

தண்ணீர்ப் பக்கத்தவர்கள் கை தட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். வீரபாகுவின் மீசை துடித்தது.

"நாலு நாளைக்கு முன்னால எதிர்த்து நின்னவங்க இன்னைக்கு ஒண்ணுபோல பாராட்டுறாங்களா? சொல்லி வெச்சுப் பேசியிருக்காங்க! என்னமோ சதி நடக்குது!"

"ராத்திரி ஏதாவது பண்ணிடுவாங்க!" என்றது கொக்கு.

"அதுக்கு இடம் கொடுக்கக் கூடாது. நாளைக்கு எதுக்கு? இப்பவே வெட்டுங்கடா!"

எருமை கொம்பால் கரையைக் குத்தியது. நீர்நாய்கள் மண்ணைப் பறித்தன. மூக்காயி விழுந்தடித்து ஓடிவந்தாள்.

"ஐயோ, நிறுத்துங்க! அங்க என் முட்டை இருக்கு! பதினாலு முட்டை! பத்து முழம் தள்ளி வெட்டுங்க, உங்க கால்ல விழறேன்!"

"பார்த்தீங்களா சதியை?" என்று கத்தினான் வீரபாகு. "உன் குரலை இப்பத்தானே கேட்டோம்! அப்ப இல்லாத குறை இப்ப எங்கேருந்து வந்துச்சு? வெட்டுங்க!"

"நான் சொன்னது பொய்! பயந்துபோய்ச் சொன்னேன்!"

"அது பொய்யா, இது பொய்யா? யாருக்குத் தெரியும்!"

கரை உடைந்தது. ஆறு பாய்ந்தது. செம்மண் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக முட்டைகள் உருண்டு வந்தன. வீரபாகு பார்த்தான். அவன் முகம் செத்துப்போயிற்று. ஒரே தாவாகத் தண்ணீரில் குதித்தான். மூழ்கி மூழ்கித் தேடினான். கிச்சான் தண்ணீருக்கு மேலே பறந்து பறந்து கதறினான். கடைசியில் வீரபாகு வெளியே வந்தபோது அவன் கையில் உடைந்த ஓடு ஒன்றுதான் இருந்தது.

"தாயே, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா தள்ளி வெட்டியிருப்பேனே!" என்று அழுதான்.

மூக்காயி அந்த ஓட்டை வாங்கிக்கொண்டாள். "நீ ஒரு வார்த்தை முன்னாடியே கேட்டியாய்யா?" என்றாள்.

கொடுக்கன் நண்டு எப்போதோ வளைக்குள் போய்விட்டது. ஏரி மட்டும் நிரம்பிக்கொண்டே இருந்தது.

ஜெயித்தவர் தோற்றவரைக் கேட்காமல் விட்டால் சந்தேகம்தான் முளைக்கும். அந்தச் சந்தேகத்தால் பயந்து தோற்றவர் உண்மையை மறைத்தால், இழப்பு ஒன்றும் அறியாத பிள்ளைகள் தலையில்தான் விடியும்.