நீலம் பாய்ந்த சைலன்சர்

எங்கள் பேரூராட்சித் தலைவர் மாசிலாமணியிடம் பழைய பைக் ஒன்று இருந்தது. ஒரு நாள் காலை அதை மெக்கானிக் பிலோமினாளின் தகரக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடவே பத்துப் பேர்.

“போன மாசம் உன்கிட்ட சர்வீஸுக்கு விட்டேன். வெள்ளி மாதிரி இருந்த சைலன்சர் குழாய் இப்ப நீலமாக் கிடக்கு. நல்லதைக் கழட்டிட்டு மட்டமானதை மாட்டிட்டியா? சாயங்காலத்துக்குள்ள பழையபடி ஆக்கணும். இல்லேன்னா கொட்டகையைக் காலி பண்ணு” என்றார்.

கொட்டகை நின்றது புறம்போக்கு நிலத்தில். பக்கவாதம் வந்த அவள் கணவர் அதற்குள்தான் படுத்துக் கிடந்தார். சூட்டில் ஏறிய நீலம் துடைத்தால் போகாது என்பது பிலோமினாளுக்குத் தெரியும். இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலை அளந்து விடும் கார்புரேட்டரைப் பார்த்தாள்.

“ஐயா, பெட்ரோலை இவ்வளவு கச்சிதமாக் குறைச்சு வெச்சிருக்கே, இந்தக் கைவேலை எனக்கு வராது. யாரு பண்ணினது?”

தலைவர் மீசையைத் தடவினார். “நானேதான். பெட்ரோல் மிச்சமாகட்டும்னு திருகி வெச்சேன்.”

“அதான் ஐயா. பெட்ரோல் குறைஞ்சா இன்ஜின் கண்டபடி கொதிக்கும். அந்தச் சூட்டுலதான் நீலமாச்சு. இது உங்க பழைய குழாயேதான்.”

கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தலைவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனார்.

“ஜெயிச்சிட்டியே அக்கா!” என்றார் ஒருவர். பிலோமினாள் கொட்டகைக்குள் கணவரை எட்டிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் தகரத்தைப் பிரிக்கப் பேரூராட்சி ஆட்கள் வந்தார்கள். அன்று சிரித்தவர்களில் ஒருவரும் அங்கே இல்லை. அவள் தனியாகவே கணவரைத் தூக்கி வந்து வேப்பமர நிழலில் கிடத்தினாள்.