அத்தி தன் பூவை மூடிய நாள்

மரங்கள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் அத்திக்கு வெளியே தெரிகிற பூ இருந்தது. உள்ளங்கை அகலப் பூ. வெளியே இளஞ்சிவப்பு இதழ், நடுவில் மஞ்சளாக ஆயிரம் பொடிப் பூ. கிளை நுனிக்குப் போகிற வேலையெல்லாம் இல்லை, அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஆற்றுக்குத் துவைக்க வந்தவர்கள் அதை வேடிக்கை பார்த்து நின்று, துணியைத் தண்ணீரோடு விட்டுவிட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அத்திக்கு அதில் கொஞ்சம் கர்வம். அப்படி ஒரு பூ இருக்கிறவள் கர்வப்பட்டால் தப்பில்லை. கூடவே கொஞ்சம் புத்தியும் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

அவள் நின்றது ஆற்றங்கரையின் விளிம்பில். ஒவ்வொரு வெள்ளமும் கரையில் ஒரு முழம் கடித்துக்கொண்டு போகும். அவள் வேரில் பாதி அப்போதே அந்தரத்தில் தொங்கியது. பக்கத்தில் நின்ற நாவல் மரம் போன ஐப்பசியில் விழுந்து, கத்தக்கூட நேரமில்லாமல் தண்ணீரோடு போயிற்று. அடுத்த வெள்ளம் தன்னுடையது என்று அத்திக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும்.

தப்பிக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. யாராவது நடுவதற்கு ஒரு கிளை வெட்டிப் போக வேண்டும். போத்து என்று சொல்வார்களே, அதுதான். அந்தக் காலத்தில் மரத்தின் உயிர் முழுக்க அந்தப் போத்தில் ஏறிக்கொள்ளும். நட்ட இடத்தில் மரம் மறுபடி எழுந்துகொள்ளும். ஆனால் மரம் தானாகக் கூப்பிட்டுக் கெஞ்சக் கூடாது. வீட்டுக்காரர்கள்தான் பெண் பார்க்க வருவதுபோல நேரில் வந்து, நாலு கேள்வி கேட்டு, பிடித்தால் வெட்டுவார்கள். கேட்டதற்கு மரம் உண்மையைச் சொல்ல வேண்டும். அதுவரை எந்த மரமும் பொய் சொன்னதில்லை.

அத்தியின் பூவில் மின்னி என்று ஒரு குளவி குடியிருந்தாள். குளவி என்றதும் பதற வேண்டாம். கடுகளவு இருப்பாள், கொட்டவே தெரியாது. அவள் உள்ளே புரண்டு எழுந்தால்தான் அத்தி காய் பிடிப்பாள். அத்தி இடம் கொடுத்தால்தான் மின்னி முட்டை வைக்க முடியும். மின்னி அத்தியை அக்கா என்பாள், அத்தி மின்னியைத் தங்கச்சி என்பாள். உண்மையாகவே அப்படித்தான் இருந்தார்கள், அந்த நாள் வரைக்கும்.

அடுத்த ஐப்பசியில் மேட்டில் புது வீடு கட்டிக் குடிவந்தாள் நாச்சாள். பழைய ஊரில் அவளுடைய மூத்த மகன் மரத்தடியில் விளையாடப் போய், கதண்டு கொட்டிச் செத்தான். கதண்டு என்றால் பெரிய மலைக்குளவி; பத்து சேர்ந்து கொட்டினால் மாடே விழும், ஐந்து வயதுப் பிள்ளை எம்மாத்திரம். மிச்சம் இருந்தது இடுப்பில் உட்காரும் வஞ்சி மட்டும். புது வீட்டு முற்றம் மொட்டை வெயிலில் காய்ந்தது. நிழலும் வேண்டும், பிள்ளை பறித்துத் தின்னப் பழமும் வேண்டும். ஆல், அரசு, இத்தி, அத்தி என்று அத்தி வகையில் ஒன்று வைக்கலாம் என்று கிளம்பினாள். வஞ்சியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, புருஷன் காரியப்பன் கையில் அரிவாளைக் கொடுத்து, நேரே ஆலமரத்திடம் போனாள்.

"எங்க முத்தத்துக்கு வர்றியா?"

"முத்தம் எவ்வளவு பெருசு அம்மணி?" என்றது ஆல்.

"ரெண்டு கட்டில் போடலாம்."

ஆலமரம் இலையெல்லாம் குலுங்கச் சிரித்தது. "அதுல என் ஒத்தை விழுதுகூட ஊன்ற முடியாதே. வேணும்னா வீட்டை எடுத்துட்டு எங்கயாச்சும் தள்ளிக் கட்டிக்கயேன்."

"நான் வீட்டுக்கு மரம் பாக்க வந்தேன். மரத்துக்கு வீடு பாக்க வரல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அடுத்தது அரசு. அது தன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தாது. "எனக்கு மண்ணே வேண்டாம் அம்மணி. சுவத்துல ஒரு விரிசல் போதும், அதுலயே முளைச்சு வேரை விட்டு..."

"சுவத்தைப் பிளந்துருவே."

"ஆமா" என்றது அரசு பெருமையாக.

இத்தியிடம் வந்தபோது நாச்சாளுக்குக் கால் வலி, வாயில் வார்த்தை குறைந்துவிட்டது. "நீ என்ன செய்வே?"

"உங்க வீட்டுல வேற மரம் ஏதாச்சும் இருக்கா?"

"ஒரு பனை இருக்கு."

"அப்ப நல்லதாப் போச்சு. அது தலைமேல ஏறி உக்காந்து, மெல்லக் கட்டிப் பிடிச்சுக்குவேன்."

"அப்புறம் பனை?"

"பனை எங்கே இருக்கும்?" என்றது இத்தி, கேள்வியே புரியாததுபோல.

காரியப்பன் சிரித்தான். நாச்சாள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். "மூணும் உண்மையைச் சொல்லுச்சு, அந்த மட்டும் சந்தோஷம். வா, ஆத்தங்கரைக்காரி ஒருத்தி பாக்கி" என்றாள் அவள்.

அவள் குரல் சன்னக் குரல் இல்லை. காற்று அதை அப்படியே ஆற்றங்கரைக்குக் கொண்டுபோயிற்று. அவள் வழியில் சொல்லிக்கொண்டே வந்தது முழுக்க அத்தியின் காதில் விழுந்தது. "நிழல் குடுக்கணும், பழம் குடுக்கணும், சுவரு நிக்கணும். எல்லாத்துக்கும் மேல, குளவி அண்டக் கூடாது. அந்த இனத்துல ஒண்ணே ஒண்ணைக் கண்டாலும் அந்த மரத்துக்குத் தீ வெச்சிட்டுத்தான் மறுவேலை."

மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. மலையில் மழை பிடித்துவிட்டது. அத்தி தன் பூவைப் பார்த்தாள். விளிம்பில் மின்னி, வயிறு நிறைய முட்டையோடு உட்கார்ந்திருந்தாள். மற்றப் பூக்களில் இருந்த குளவிகள் காற்றின் குளிருக்கே பறந்து போயிருந்தன.

"தங்கச்சி, நீயும் போ. அந்தம்மா போனதும் வா."

"இப்பவா? முட்டை இறங்குற நேரம் அக்கா. ரெண்டு முழம் பறந்தாலும் விழுந்துருவேன்."

"அப்ப உள்ளே போ. நான் பூவை மூடிக்கிறேன். நீ இருக்கறதே தெரியாது."

"மூடிக்கிறதா? இதுவரைக்கும் மூடினதே இல்லையே."

"கொஞ்ச நேரந்தான். அவ நாலு கேள்வி கேட்டுட்டுப் போற வரைக்கும். என் உசுரு போற விஷயம், தர்க்கம் பண்ணாதே."

மின்னி யோசித்தாள். அக்கா சொல்கிறாள் என்று உள்ளே நகர்ந்தாள். அத்தி பதற்றத்தில் இதழையெல்லாம் ஒரே இழுப்பாக உள்பக்கம் மடித்தாள். மின்னி பாதி போவதற்குள் வாசல் ஊசித் துளையாகிவிட்டது. உடம்பு நுழைந்தது. இறக்கைகள் வெளியே சிக்கிப் பிய்ந்தன.

"அக்கா, இறக்கை போயிருச்சு!"

"அப்புறம் பாத்துக்கலாம். சத்தம் போடாதே."

இருந்த பூ எல்லாவற்றையும் அதேபோல மடித்துக்கொண்டாள். நாச்சாள் வந்து நின்றபோது அடிமரத்தில் பச்சைப் பச்சையாக உருண்டைகள்தான் ஒட்டிக்கொண்டிருந்தன.

"பூ எங்கே? பெருசாப் பூப்பேன்னு சொன்னாங்களே."

"எனக்குப் பூவே கிடையாது அம்மணி" என்றாள் அத்தி. "நேரே காய்தான்."

மரம் சொன்ன முதல் பொய் அது. நாச்சாளுக்குச் சந்தேகம் வரவில்லை, மரம் பொய் சொல்லும் என்பதே அப்போது யாருக்கும் தெரியாதே. அவள் முகம் மலர்ந்தது. "பூ இல்லேன்னா பூச்சிக்கு வேலையில்ல. குளவி?"

"ஒண்ணுகூட இல்ல."

வஞ்சி இடுப்பிலிருந்து எட்டி ஓர் உருண்டையில் காதை வைத்தாள். "அம்மா, உள்ளே யாரோ அழுகுறாங்க."

"என்னடி சத்தம் அது?" என்றாள் நாச்சாள், அத்தியைப் பார்த்து.

"காத்து அம்மணி. ஆத்தங்கரை பாருங்க."

அந்த ஓர் உண்மையை அப்போது சொல்லியிருக்கலாம். உள்ளே இருக்கிறவள் கொட்டத் தெரியாதவள், கடுகளவு, பிள்ளைத்தாய்ச்சி என்று நாலு வார்த்தை. சொன்னால் நாச்சாள் திட்டியிருப்பாள். அவள் திட்டாமல் எந்தக் காரியம் நடந்தது? ஆனால் அத்தி வெள்ளத்தை மட்டும் நினைத்தாள்.

"வெட்டு" என்றாள் நாச்சாள்.

காரியப்பன் உடனே வெட்டினானா? அவன் அரிவாளைக் கல்லில் தீட்டினான். எந்தக் கிளை என்று இரண்டு சுற்றுச் சுற்றி வந்தான். வெற்றிலை போட்டான். நாச்சாள் அவனைத் திட்ட, அவன் இன்னும் நிதானமானான். அத்தனை நேரமும் மூடின இதழ்களின் ஓரத்தில் அத்தியின் பால் கசிந்துகொண்டே இருந்தது. அத்திப்பால் கையில் பட்டாலே பிசுபிசுவென்று ஒட்டும். இதழோடு இதழ் ஒட்டி, காய்ந்து, ஒரே தோலாக இறுகிப் போயிற்று. கடைசியில் அவன் வெட்டியது மின்னி இருந்த கிளையைத்தான். உயிரும் உருண்டையுமாக அத்தி மேட்டுக்கு ஏறினாள். பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் பக்கமாக அவளை நட்டார்கள்.

மூன்றாம் நாள் வெள்ளம் வந்தது. அத்தி நின்ற கரை மொத்தமும் அப்படியே சரிந்து போனதை மேட்டிலிருந்து அவளே பார்த்தாள். ஊர் அவளை அதிர்ஷ்டக்காரி என்றது.

"தங்கச்சி, இனி பயமில்ல. திறந்து விடறேன்" என்று இதழை விரிக்கப் பார்த்தாள். வரவில்லை. கிளை நடுங்க மூச்சைப் பிடித்து முக்கினாள். இதழ் என்று ஒன்றே அங்கே இல்லை, தோல்தான் இருந்தது.

"அக்கா, திறக்கலயா?" மின்னியின் குரல் உள்ளேயிருந்து மெலிந்து வந்தது.

"திறக்கறேன், திறக்கறேன். ஒட்டிக்கிச்சு."

"முட்டையெல்லாம் வெச்சுட்டேன். எனக்கு இனி இறக்கையும் இல்ல, தெம்பும் இல்ல. புள்ளைகளுக்காச்சும் கதவைத் திறந்து வை அக்கா."

"சரி தங்கச்சி."

அதுதான் அவர்கள் பேசியதில் கடைசி. அத்தி நாள் முழுக்க முக்கினாள். கதவு திறக்கவில்லை.

இருட்டுக்குள் முட்டை பொரிந்தது. முதலில் பிறந்தது பையன்கள். வெளிச்சம் கண்டிராத இடத்தில் பிறந்ததால் அவர்களுக்குக் கண் சரியாக வரவில்லை, பறக்க இடமில்லாததால் இறக்கையும் முளைக்கவில்லை. அக்கா தங்கைகள் வெளியே போக வேண்டுமே என்று பல்லாலேயே சுவரைக் குடைந்தார்கள். வழி விழுந்ததும் அந்த வழியிலேயே செத்து விழுந்தார்கள். பெண்கள் அவர்கள்மேல் நடந்து வெளியே வந்து, இறக்கையை உதறி விரித்தார்கள்.

"போங்கடி கண்ணுகளா" என்றாள் அத்தி. "தூரமாப் போயிருங்க. இன்னொரு தடவை என்கிட்ட வராதீங்க."

அவர்கள் ஒரு சுற்றுப் பறந்தார்கள். வயிறு கனத்ததும் திரும்பி வந்தார்கள். புதிதாக வந்த உருண்டைகள் ஒவ்வொன்றிலும் ஊசித் துளை வாசல் இருந்தது.

"உள்ளே போகாதீங்க! இறக்கை போயிரும்! உங்கம்மா அப்படித்தான்..."

"எங்களுக்கு வேற வீடு தெரியாதே பெரியம்மா" என்றாள் ஒருத்தி. தலையை நுழைத்தாள். இறக்கை வாசலில் உதிர்ந்தது. பின்னால் அடுத்தவள்.

யாரும் நுழையாத காய்கள் சில நாளில் சொத்தென்று பிஞ்சிலேயே விழுந்தன. நுழைந்த காய்கள் மட்டும் சிவந்து பழுத்தன. அத்தி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நட்ட மரம் எங்கே ஓடும்?

இதற்கு நடுவே ஆலுக்கும் அரசுக்கும் இத்திக்கும் விஷயம் வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. பூவை மூடினவளுக்கு வீடு கிடைத்ததாம் என்று மூன்றும் தங்கள் பூவையும் மூடிக்கொண்டன. வீடு ஒன்றும் கிடைக்கவில்லை. திறக்கவும் முடியவில்லை. அதுகளின் குளவிகளுக்கும் இதே கதிதான்.

நாச்சாள் ஒரு நாள் காலையில் நல்ல சிவப்புப் பழமாக ஒன்றைப் பறித்தாள். வஞ்சி கையை நீட்டினாள். பிள்ளைக்குப் பாதி கொடுக்கலாம் என்று பிட்டாள். உள்ளே அவள் பார்த்தது பூ. ஆயிரம் பூ, எல்லாம் உள்பக்கம் பார்த்துக்கொண்டு. பூக்களின் நடுவே இறக்கை இல்லாத கறுப்புக் குளவி ஒன்று செத்துக் கிடந்தது. அதைச் சுற்றிக் கண் தெரியாத சின்ன உடம்புகள்.

வஞ்சியின் கையைத் தட்டிவிட்டாள். பிட்ட பழத்தை அத்தியின் முன்னால் நீட்டினாள்.

"இது கொட்டுமா?"

"கொட்டத் தெரியாது அம்மணி. எப்பவும் தெரியாது."

"அப்ப அன்னைக்கு உள்ளே அழுதது?"

"என் தங்கச்சி."

"கொட்டாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா உனக்கு? எம்புள்ளையைத் தின்ன இனம் வேறன்னு எனக்கு எப்படித் தெரியும்? சொல்லியிருந்தா இதையும் சேத்துத்தானேடி வெச்சிருப்பேன்!"

காரியப்பன் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தான். நாச்சாள் தடுத்தாள்.

"வேண்டாம். இவளை வெட்டினா உள்ளே கிடக்கிற புள்ளைத்தாய்ச்சிக அத்தனையும் சாகும். நிக்கட்டும்." அத்தியின் பக்கம் திரும்பினாள். "நிழல்ல உக்காருவேன். பழமும் தின்னுவேன். ஆனா இனி உன்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன். நானே பிட்டுப் பாத்துக்கறேன்."

பழத்தை அகலமாகப் பிளந்து, செத்தவற்றை மெல்ல ஊதித் தள்ளினாள். பிறகுதான் வஞ்சியின் வாயில் வைத்தாள். சேதி ஊருக்குப் பரவியது. மரம் பொய் சொல்லும் என்று தெரிந்த பின் யாரும் எந்த மரத்தையும் கேள்வி கேட்கவில்லை. கேட்பாரில்லாமல் மரங்களுக்குப் பேச்சே மறந்துபோயிற்று.

அத்தி தன் பூவை யார் கண்ணிலும் காட்டாததும், ஒவ்வொரு பிஞ்சின் வாசலிலும் ஒரு தாய் இறக்கையை உதிர்த்துவிட்டுச் சாக உள்ளே போவதும், எவ்வளவு பசி என்றாலும் அத்திப் பழத்தை முழுசாக வாயில் போடாமல் பிட்டுப் பார்த்து ஊதித் தின்பதும் அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.