பூ தரையைத் தொடுவதற்குள்

கடல் இருந்தது, மலை இருந்தது, இரண்டுக்கும் நடுவே சாலை என்று ஒன்று இன்னும் பிறக்கவில்லை. அவ்வளவு காலத்துக்கு முன்னால் ஆழிப்பட்டினம் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. சின்னவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். பெரியவர்கள் கையில் இருக்கிற செல்போனைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள். உலகம் ஒன்றும் அதற்குள் முழுகிவிடாது.

அந்த ராஜ்யத்தில் சொல்விழுங்கி என்று ஒரு மந்திரவாதி. அவனுக்குச் சோறு வேண்டாம், கறி வேண்டாம், பழம் வேண்டாம். வழியில் செத்துப்போகிற சொற்கள்தான் அவனுக்குச் சாப்பாடு. அந்தக் காலத்தில் அதற்கு என்ன பஞ்சம்? கடற்கரையில் இருக்கும் ஒருத்தி மலையூரில் வாழ்க்கைப்பட்ட மகளுக்குச் சேதி சொல்லி ஆள் அனுப்புவாள். அந்த ஆளை ஆறு கொண்டுபோகும், இல்லை புலி கொண்டுபோகும், இல்லை கள்ளுக்கடை கொண்டுபோகும். சேதி நடுவழியில் அநாதையாகக் கிடக்கும். சொல்விழுங்கி அதைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வான். தின்று தின்று நெற்குதிர் போல ஆகிவிட்டான்.

அதே ஊரில் ஒரு முரசுக் காவலர் இருந்தார். அவருக்கு மருதி என்று ஒரு மகள், சேந்தன் என்று ஒரு மகன். இந்த மூன்று பேரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். கடற்கரையிலிருந்து மலை உச்சி வரை குன்றுக்கு ஒரு முரசு வைத்தார்கள். இந்த முரசு அடித்தால் அடுத்த குன்றுக்குக் கேட்கும், அது அடித்தால் அதற்கு அடுத்த குன்றுக்குக் கேட்கும். கடற்கரை முரசு மருதிக்கு, மலை உச்சி முரசு சேந்தனுக்கு. புயல் வருகிற சேதி புயலுக்கு முன்னால் மலைக்குப் போனது. சொற்கள் உயிரோடு போய்ச் சேர ஆரம்பித்ததும் சொல்விழுங்கிக்கு வயிறு காய ஆரம்பித்தது.

ஒருநாள் மத்தியானம் அவன் மலை ஏறிப்போய், முரசடித்துக்கொண்டிருந்த சேந்தனின் காலடியில் ஒரு பிடி சாம்பலை வீசினான். சேந்தனின் பாதம் இரண்டும் கல்லாயின. மறு விநாடி கடற்கரையில் மருதியின் முன்னால் வந்து நின்றான்.

"என் வயித்துல அடிச்சீங்கல்ல? உன் தம்பி பாதம் இப்போ கல்லு."

மருதி அவன் காலில் விழுந்தாள். "அவன விட்டுடு. வேணும்னா என்னை எடுத்துக்கோ."

"நீ எனக்கு எதுக்கு? உன் சொல்லுதான் எனக்கு வேணும். பந்தயம் வெச்சுக்கலாமா? மலை உச்சியில ஒரு வேங்கை மரம் பள்ளத்தைப் பார்த்து சாஞ்சு நிக்குது. நீ உன் தம்பிக்குன்னு வாயைத் திறந்ததும் அதுலேருந்து ஒரு பூ காம்பை விடும். உன் குரலே போகணும். அதுக்குப் பதிலா அவன் குரலே வரணும், ஒரு தடவைக்கு ஒரே பதில்தான். பூ தரையைத் தொடறதுக்குள்ள. மூணு தடவை தர்றேன். ஜெயிச்சா கல்லும் உதிரும், அன்னிக்கே என் கதையும் முடிஞ்சது. தோக்கத் தோக்க அவன் மேல கல்லு ஏறும். மூணாவது தடவையும் தோத்தா முழுக் கல்லு."

"நானே நடந்து போயிட்டா?"

"மணலைத் தாண்டி உன் கால் வராது. ஆனா பந்தயம் முடியற வரைக்கும் உனக்குச் சாவு கிடையாது, நரை கிடையாது. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, தாயி."

மருதிக்கு அவசரம் இருந்தது. தம்பி அங்கே தனியாக நிற்கிறான் என்ற நினைப்பே அவளைப் பைத்தியமாக்கியது. ஓடிப்போய் முரசை அடித்துக்கொண்டே "சேந்தா! சேந்தா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். மலையில் பூ காம்பை விட்டது. முரசு குன்றுக்குக் குன்று தாவியது. மூன்றாவது குன்றுக்குப் போவதற்குள் பூ பள்ளத்தில் விழுந்து கிடந்தது. அவள் கத்தின குரலோ முதல் குன்றைக்கூடத் தாண்டவில்லை. சேந்தனுக்கு இடுப்பு வரை கல் ஏறியது.

முரசுக் காவலர் அதன்பின் அதிக காலம் இருக்கவில்லை. "புள்ள ஏதாவது பேசினானாம்மா?" என்று காலையில் கேட்பார், மத்தியானம் கேட்பார், சாயங்காலம் கேட்பார். ஒருநாள் கேட்கவில்லை. மருதி கடற்கரையிலேயே அவருக்குக் கொள்ளி வைத்தாள். அழுது முடித்ததும் ஒன்று தீர்மானித்தாள். இனிமேல் முழுசாக நம்பிக்கை வராமல் அவனுக்காக வாயைத் திறப்பதில்லை.

காலம் ஓடியது. ஓலையில் எழுத்தாணியால் கீறிச் சேதி அனுப்பும் வழக்கம் வந்தது. சொல்விழுங்கி வந்து மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "என்ன மருதி, அனுப்பலையா?" ஓலை போகும், குரல் போகுமா? மருதி வாயைத் திறக்கவில்லை. புறா வந்தது. புறா வேகமாகப் போகும், குரல் போகுமா? வாயைத் திறக்கவில்லை. ஈட்டியில் சலங்கை கட்டி ஓடும் அஞ்சல்காரன் வந்தான், தபால் பெட்டி வந்தது, ஒரே சொல்லை ஆயிரம் தாளில் அடித்துத் தள்ளும் அச்சு இயந்திரம் கப்பலில் வந்து இறங்கியது. மருதி எல்லாவற்றையும் உற்று உற்றுப் பார்த்தாள். ஊர்க்காரர்கள் தலைமுறைக்குத் தலைமுறை "அப்படியே உங்கம்மா ஜாடை" என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகு தந்தி வந்தது. கட்டுக்கட என்று விரலால் தட்டினால் மலைக்கு அந்த நொடியே சேதி போகிறது! மருதி விடுவாளா? மணல் மேலேயே கட்டியிருந்த தந்தி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, தட்டக் கற்றுக்கொண்டு, ராத்திரியெல்லாம் யோசித்தாள். வேகம் சரி. ஆனால் அது இயந்திரத்தின் குரல், அவள் குரல் இல்லை. விரலை மடக்கிக்கொண்டாள். வானொலி வந்தது. அதில் மனுஷன் குரலே போனது. ஆனால் பதில் வராது, பேசுகிறவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதையும் விட்டாள். எத்தனை பொறுமை பாருங்கள், நமக்கு ஒரு பஸ் லேட்டானால் ஊரையே திட்டுகிறோம்.

சொல்விழுங்கி இதற்குள் மெலிந்து விலா எலும்பு தெரிய நின்றான்.

கடைசியில் தொலைபேசி வந்தது. குரல் போகிறது, குரல் வருகிறது, அதுவும் உடனே! மருதி கடற்கரை மணலிலேயே இருந்த தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். மலை மேல் இருந்த வனத்துறை பங்களாவுக்கு லைன் இழுத்த நாளில், கம்பி இழுக்கும் ஊழியரிடம் கெஞ்சினாள்.

"அண்ணே, பங்களாவுக்குப் பின்னாடி பாதி கல்லா ஒரு ஆள் நிப்பான். கொஞ்சம் நீளக் கம்பி விட்டு, அந்தக் கருவியை அவன் காதுல வெச்சுப் பிடிங்கண்ணே. ஏன்னு கேக்காதீங்க."

அவர் நல்ல மனுஷர். ஏன் என்று கேட்கவில்லை. மருதி கண்ணை மூடிக்கொண்டாள். "சேந்தா!" என்றாள். மலையில் பூ காம்பை விட்டது. கம்பி வழியே குரல் ஓடியது. சேந்தனின் கண் விரிந்தது. பூ பள்ளத்தில் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது, இன்னும் பாதி தூரம்கூடப் போகவில்லை. அவன் வாயைத் திறந்தான்.

"அக்..."

அவ்வளவுதான். நடுக்காட்டில் ஒரு கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த சொல்விழுங்கி கம்பியைப் பல்லால் கடித்துத் துண்டாக்கிவிட்டான். மருதியின் காதில் வெறும் இரைச்சல் கேட்டது. அவள் "சேந்தா, சேந்தா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பூ தரையைத் தொட்டது. சேந்தனுக்குக் கழுத்து வரை கல் ஏறியது.

இனி ஒரே ஒரு தடவைதான். மருதி பல காலம் எந்தக் கருவியையும் தொடவில்லை. ஊரில் எல்லார் கைக்கும் செல்போன் வந்த பிறகு, கடற்கரை முனையில் ரீசார்ஜ் கடை ஒன்று வைத்து உட்கார்ந்தாள். கம்பியே இல்லாத போன் இது, கடித்துத் துண்டாக்க முடியாது. ஆனாலும் பயந்தாள். மலையில் டவர் கிடையாது. டவர் இருந்தாலும் யார் போய் அவன் காதில் போனை வைப்பார்கள்?

ஒருநாள் காலையில் அவள் செல்போனில் ஒரு படம் வந்து விழுந்தது. "கண்ணீர் விடும் அதிசயக் கற்சிலை! பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும்!" என்று கீழே போட்டிருந்தது. படத்தில் இருந்தது சேந்தன் முகம். எத்தனையோ தலைமுறைக்குப் பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தவள் கடையிலேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அனுப்பியவரைக் கேட்டாள். அவருக்கு யார் அனுப்பினார்கள்? அவருக்கு யார்? அவருக்கு யார்? திட்டினவர்கள் திட்டினார்கள், பிளாக் செய்தவர்கள் செய்தார்கள். கடைசியில் படத்தை எடுத்தவளே கிடைத்தாள். மலை மேல் டவர் கட்ட வந்திருந்த ரெஜினா.

"சிலை இல்லீங்க அது. மூச்சு விடுது. நான் பக்கத்துல போனா கண்ணு என்னையே பாக்குது. எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை," என்றாள் ரெஜினா.

மருதி எல்லாவற்றையும் சொன்னாள். நம்ப முடியாத கதைதான். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்தவளுக்கு நம்பாமல் இருக்க முடியவில்லை. மறுநாள் டவருக்கு உயிர் வந்தது. ரெஜினா தன் போனைச் சேந்தன் காதில் வைத்துப் பிடித்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சொல்விழுங்கி செத்திருப்பான், இல்லை எலும்பும் தோலுமாக இருப்பான் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை. முன்னைவிட இரண்டு மடங்கு பெருத்து டவர் அடியில் உட்கார்ந்திருந்தான். சேதி இப்போது வழியில் சாவதில்லை, அது உண்மைதான். போய்ச் சேர்ந்த பிறகு சாகிறது. திறக்காத சேதி, திறந்தும் படிக்காத சேதி, படித்தும் மனசில் ஏறாத சேதி. அவனுக்கு நாள் முழுக்க விருந்து.

"சேந்தா," என்றாள் மருதி.

பூ காம்பை விட்டது. சொல்விழுங்கி டவரின் மேல் ஒரு விரலை வைத்தான். அவ்வளவுதான், சேந்தன் காதில் ஒரு மருதி இல்லை, ஆயிரம் மருதி. "சேந்தா, நான்தான்!" "சேந்தா, அது பொய், நான்தான் நிஜம்!" "சேந்தா, பதில் சொல்லாதே!" "சேந்தா, உனக்குப் பரிசு விழுந்திருக்கு!" எல்லாம் அக்கா குரல். சேந்தனின் கண் அங்கும் இங்கும் தவித்தது. அவனால் ஒரே ஒரு பதில்தான் சொல்ல முடியும், தப்பான குரலுக்குச் சொன்னால் முடிந்தது கதை.

அந்தக் கூச்சல் மருதிக்கும் கேட்டது. "தம்பி, நான் கடற்கரையிலேருந்து பேசறேன்டா!" என்றாள். உடனே ஆயிரம் பேர் கடற்கரையிலிருந்து பேசினார்கள். "நாம முரசடிச்சோமே!" என்றாள். ஆயிரம் பேர் முரசடித்தார்கள்.

"ஏங்க, பூ பாதிக்கு மேல இறங்கிடுச்சு!" என்று ரெஜினா அலறினாள். "ஏதாவது பேசுங்க!"

மருதிக்கு அப்போதுதான் உறைத்தது. பேசப் பேசச் சொல்விழுங்கி கைக்குச் சொல் கிடைக்கிறது. அவள் சொல்லை வைத்துத்தான் அவளையே மறைக்கிறான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை காலம் இந்த ஒரு தடவைக்காகத்தான் காத்திருந்தாள், இப்போது பேசாமல் இருக்க வேண்டும். கண்ணில் நீர் வழிய, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள்.

ஆயிரம் குரலும் சொன்னதையே சொன்னது. புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாமல் ஒவ்வொன்றாகத் தேய்ந்தது. நூறாகியது. பத்தாகியது. கடைசிக் குரலும் அடங்கியது. சொல்விழுங்கி எழுந்து நின்றான். "பேசு மருதி, பேசு! பூ விழப்போகுதுடி!" என்று கத்தினான். அவள் பேசவில்லை.

சேந்தன் காதில் இப்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டது. யாரோ அழுகையை அடக்கிக்கொண்டு, லைனை வைக்காமல், அவனுக்காகக் காத்திருக்கிற மூச்சு.

"அக்கா," என்றான்.

மருதிக்குக் கேட்டது. ரெஜினா எட்டிப் பார்த்தபோது பூ ஒரு புல்லின் நுனியில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் மெல்ல நழுவித் தரையில் விழுந்தது.

சொல்விழுங்கி காற்றுப்போன பந்தாகச் சுருங்கினான். குடம் அளவு ஆனான், குன்றிமணி அளவு ஆனான், அப்புறம் ஒன்றுமே இல்லை. சேந்தன் மேலிருந்த கல் பொரிந்து உதிர்ந்தது. தடுமாறி விழப்போனவனை ரெஜினா பிடித்து உட்கார வைத்தாள். போன் இன்னும் அவன் காதில்தான் இருந்தது.

"அக்கா, காலெல்லாம் மரத்துப்போச்சு. சாயங்காலம் ஆயிடுச்சா? முரசு அடிக்கணுமே." கல்லுக்குள் இருந்தவனுக்குக் காலம் போனதே தெரியவில்லை. "அப்பா பக்கத்துல இருக்காரா? அவர்கிட்ட குடு. பயந்துபோயிருப்பாரு. ஒரு வார்த்தை பேசிடறேன்."

மருதி வாயைத் திறந்தாள். இப்போது தடுக்க மந்திரவாதி இல்லை, குறுக்கே காடு இல்லை, உதிரப் பூ இல்லை. சொன்னால் அந்த நொடியே போய்ச் சேரும். அவள் சொல்லவில்லை.

"அங்கேயே உக்காந்திரு, கண்ணு. நான் நேர்ல வந்து சொல்றேன்."

கடையைப் பூட்டக்கூட இல்லை. மணலின் ஓரத்தில் ஒரு விநாடி தயங்கி, காலை எடுத்துத் தார்ச்சாலையில் வைத்தாள். கால் வந்தது. பஸ் பிடித்து, இன்னொரு பஸ் மாறி, மலையடியில் இறங்கி ஏறி, உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். சேந்தன் எழுந்து ஓடிவந்தான். அவன் இரண்டு கையையும் பிடித்து ஒரு பாறையில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அவன் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அவன் அழுது முடிக்கிற வரைக்கும் அவள் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் இரண்டு பேரும் ரெஜினா கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டார்கள். அந்த மலையடிவாரத்திலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். எல்லாரையும் போல நரைத்தார்கள், எல்லாரையும் போலச் சண்டை போட்டார்கள், எல்லாரையும் போலக் கிழமானார்கள். அவர்கள் சுகமாக இருந்தார்கள். கேட்ட நீங்களும் சுகமாக இருங்கள், பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்.