கம்பியைத் தொடாத கை

ஆற்றங்கரை மடத்துச் சாமிக்கு வயது நாற்பது. சீடர் ஏகாம்பரத்துக்கு எழுபத்தைந்து. விடியற்காலையில் ஆற்றில் முழுகி, ஈர வேட்டியோடு குடத்தில் அபிஷேகத் தண்ணீர் மொண்டு வருவது ஏகாம்பரத்தின் வேலை. வழியில் யாரையும், எதையும் தொடக்கூடாது. தொட்டால் தீட்டு.

போன மாதம் ஆற்றுப் படியில் விழுந்ததில் அவருக்கு முழங்கையில் தையல் போட்டார்கள். அப்போதும் மனுஷர் குடத்தை விடவில்லை. அப்படி ஒரு பிடிவாதம்.

"இன்னொரு தடவை விழுந்தா இடுப்பெலும்பு போயிடும்," என்றார் சாமி. "தினமும் சுவரோரமா ஒத்தைக் கால்ல நின்னு பழகுங்க. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு."

ஏகாம்பரம் கால் மாற்றி மாற்றி நின்றார். சுவரை மட்டும் தொடவில்லை.

"ஏன் ஐயா பிடிக்கல?"

"படியில சுவரா இருக்கு, சாமி?"

"கைப்பிடிக் கம்பி இருக்கே."

"அதைத் தொட்டா தண்ணி தீட்டாயிடுமே. இந்த வேலையை மட்டும் என்கிட்டேருந்து பிடுங்கிடாதீங்க. அப்புறம் நான் எதுக்கு இருக்கணும்?"

மறுநாள் சாமியும் கூடவே போய் முழுகிவிட்டு, ஏகாம்பரத்தின் பின்னாலேயே படியேறினார்.

பாசி பிடித்த படியில் ஏகாம்பரத்தின் வலது கால் வழுக்கியது. தோளில் குடம் சாய்ந்தது. இடது கால் மட்டும் ஊன்றியிருந்தது. நின்று பழகியது வீண்போகவில்லை, ஒரு மூச்சு நேரம் உடம்பு தாங்கியது. கம்பி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கை அதனருகே போனது. போய், அப்படியே நின்றுவிட்டது.

"பிடிங்க ஐயா."

பிடிக்கவில்லை. உடம்பு பின்னால் சரிந்தது.

சாமி ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் அவர் இடுப்பை வளைத்துப் பிடித்தார். பிறகு மெல்ல அவரைப் படியில் உட்கார வைத்தார்.

"தொட்டுட்டீங்களே, சாமி." ஏகாம்பரத்துக்கு அழுகை வந்துவிட்டது. "பூசைத் தண்ணி வீணாப் போச்சே."

சாமி குடத்தை வாங்கித் தண்ணீரைப் படியிலேயே கவிழ்த்தார். இறங்கிப் போய் மறுபடி மொண்டு வந்தார். ஏகாம்பரத்தை எழுப்பி, குடத்தை அவர் தோளில் வைத்தார். அவருடைய இன்னொரு கையை எடுத்துக் கம்பியின் மேல் வைத்தார்.

"இதுவும் தீட்டுத்தானே, சாமி?"

"சிவனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். தண்ணியை எத்தனை தடவை வேணும்னாலும் மொண்டுக்கலாம். நீங்க போயிட்டா, உங்களை நான் எந்த ஆத்துல மொள்ளுவேன்?"