அமலோற்பவம் அம்மையார் எரித்த சீட்டு

கருவேலம்பாடு வியாகுல மாதா கோயிலைப் பெருக்குவதும், உருகிய மெழுகைச் சுரண்டுவதும், பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றுவதும் அமலோற்பவம் அம்மையாரின் வேலை. முப்பது வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. மாதா காலடியில் சனங்கள் எழுதி வைக்கும் விண்ணப்பச் சீட்டுகளைச் சனிக்கிழமை காலையில் திரட்டி, பிரிக்காமல், கோயில் முற்றத்தில் எரித்துவிடுவார். பிரித்தாலும் அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம். "அது அவங்களுக்கும் அம்மாவுக்கும் உள்ள பேச்சு. நமக்கென்ன?" என்பார்.

இந்தப் புண்ணியவதிக்கா சோதனை வர வேண்டும்? கணவர் தொம்மைக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: அறுத்தால் பிழைக்கலாம், மேசையிலேயே உயிர் போகவும் செய்யலாம், அறுக்காவிட்டால் மூன்று மாதம். சனிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொன்னார்.

அம்மையார் நிலைகுலைந்து போனார். திருவுளச்சீட்டு போட்டுப் பார்க்கலாம் என்றார் இஞ்ஞாசி உபதேசியார். கோயிலில் செபம் சொல்லிக்கொடுப்பவர், நல்ல மனிதர். ஒன்றில் ‘அறுக்கலாம்’, ஒன்றில் ‘வேண்டாம்’ என்று எழுதுவதாகச் சொல்லி, அவரே இரண்டையும் மடித்து மாதா காலடியில் வைத்தார். மூன்று நாள் ஒருசந்தி நோன்பு இருந்து, சனிக்கிழமை பூசை முடிந்ததும் அம்மையார் ஒன்றை எடுப்பதாக ஏற்பாடு.

எடுக்கப் போனால் சீட்டுகளைக் காணோம். காலையில் பழக்கதோஷத்தில் மற்றவர்கள் சீட்டோடு தம் சீட்டையும் திரட்டி எரித்துவிட்டிருந்தார் அம்மையார்!

"சாமி சொன்ன பதிலையே கொளுத்திப்புட்டாளே மகராசி" என்று ஊர் சிரித்தது. வேறு எழுதித் தருவதாக உபதேசியார் சொன்னார்.

"வேண்டாம் ஐயா. பதில் வரலைன்னா என்னையே முடிவு பண்ணச் சொல்றா அம்மா. எந்தப் பக்கம் போனாலும் அவ கூட வருவா."

பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். இத்தனை நாளும் யார் யாரையோ கேட்டாரே தவிர, படுத்திருக்கிறவரைக் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். இப்போது கேட்டார்.

"எனக்குப் பிழைக்கணும்னு ஆசையா இருக்குட்டி" என்றார் தொம்மை. அறுக்கச் சம்மதித்து அம்மையார் கைநாட்டு வைத்தார்.

திங்கட்கிழமை ஆப்பரேசன், ஐந்து மணி நேரம். செபமாலை உருட்டி விரல் மரத்துப்போனது. பயமில்லை என்று சொன்னால் பொய், பயந்துகொண்டேதான் செபித்தார். கதவு திறந்தது. "கட்டியை எடுத்தாச்சு. ஆள் கண் முழிச்சுட்டாரு" என்றார் டாக்டர். அம்மையார் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார், அழுதபடியே சிரித்தார்.

தொம்மை எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு இஞ்ஞாசி உபதேசியார் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ரெண்டு சீட்டுலயும் ‘வேண்டாம்’னுதான் எழுதுனேன் தாயி. என் வீட்டுக்காரி ஆப்பரேசன் மேசையிலதான் போனா. உனக்கும் அந்தக் கோலம் வேண்டாம்னு நெனச்சேன். சாமிக்குப் பதிலா நான் பேசிட்டேன்."

அம்மையாருக்கு விஷயம் உறைத்தது. எந்தச் சீட்டை எடுத்திருந்தாலும் தொம்மையை வீட்டுக்குக் கூட்டி வந்து, கும்பிட்டுக்கொண்டே மண்ணுக்குக் கொடுத்திருப்பார். ஒரு நிமிஷம் சுரீரென்று கோபம் வந்தது. கூனிக் குறுகி அழுதபடி நின்ற மனிதரின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"அழாதீங்க ஐயா. நம்ம ரெண்டு பேரு தப்பையும் அம்மா பாத்துக்கிட்டா" என்று சொல்லி, அவரைத் தொம்மைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார்.

அடியவளுக்குத் தெரியாமலே அடியவளின் கையை நடத்திய மாதாவின் இரக்கம் பெரிது. அதை ஒருநாளும் தம் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிக்கொள்ளாத அமலோற்பவம் அம்மையாரின் மனசும் பெரிது.