ஜமீன்தார் பையில் இருந்த போல்ட்

கருங்கானல் ஜமீன்தார் குறி தப்பாது என்று சொல்லாதவனுக்கு அந்த ஊரில் கஞ்சி கிடையாது. அன்று தப்பியது. குண்டு பன்றியை விட்டுவிட்டு, தமுக்கடித்து அதை விரட்டிவந்த தவசியின் மார்பில் பாய்ந்தது. ஜமீன்தாரின் இரண்டாவது ரைஃபிளைச் சுமந்தபடி பின்னால் நின்றவன், தவசியின் அண்ணன் ஒச்சு.

இன்ஸ்பெக்டர் வந்தார்.

"இந்தப் பயல் கையில இருந்த துப்பாக்கிதான் வெடிச்சுது" என்றார் ஜமீன்தார்.

மறுத்தால் அடி, ஒத்துக்கொண்டால் தூக்கு. ஒச்சு கும்பிட்டான்.

"எசமான் சொன்னா சரிதாங்க சாமி. எப்படிச் சுட்டேன்னு காட்டிடுறேன். இந்தத் துப்பாக்கிக்குள்ள தோட்டாவைத் தள்ளி வெடிக்க வைக்கிற போல்ட்ட மட்டும் எசமான் குடுக்கணும். என்னைய நம்பாம, அதைக் கழட்டி எப்பவும் அவுக பையிலதான வச்சிருப்பாக? அது இல்லாட்டி இது வெறும் இரும்புத் தடிங்க."

ஜமீன்தாரின் கை தானாகவே கோட்டுப் பையைப் பொத்தியது. கூடியிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டரும் பார்த்தார். பார்த்துவிட்டு, ஜமீன் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்தார்.

"சரி, பாறையில வழுக்கி விழுந்து செத்தான்னு முடிச்சிரலாம்."

ஒச்சு தூக்குக்குத் தப்பினான். அடுத்த வேட்டையில் துப்பாக்கி சுமக்க வேறு ஆள் வந்தான். தம்பியின் தமுக்கை ஒச்சுவின் கழுத்தில் மாட்டிப் புதருக்குள் அனுப்பினார் ஜமீன்தார்.