வீராயியின் சம்மதம்

கதையைக் கேட்டுவிட்டு ‘உச்’ கொட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இது சரிப்படாது. யார் பக்கம் நியாயம் என்று வாய்விட்டுச் சொல்லத் துணிந்தவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

திண்டுக்கல்லில் ‘அடியெடு’ என்றொரு தொண்டு நிறுவனம். கால் இழந்த ஏழைகளுக்குச் செயற்கைக் கால் செய்து இலவசமாகப் பொருத்திவிடுவது அதன் வேலை. நல்ல வேலைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நல்லது செய்தால் மட்டும் போதாது, செய்ததைப் படம்பிடித்துக் காட்டினால்தான் நன்கொடை வரும் என்கிற காலம் இது. அதற்கென்றே அங்கே வேலைக்கு இருந்தவள் தமயந்தி. கால் பெற்றவர்களைச் சின்னச் சின்ன வீடியோக்களாக எடுத்து இணையத்தில் போடுவாள்.

பெங்களூரிலிருந்து ஒரு நிபுணர் வந்து அவளுக்கும் இயக்குநர் ஜெயபாலுக்கும் வகுப்பு எடுத்தார். ஒரே ஒரு முகம், முன்பு பட்ட பாடு, பின்பு வந்த வாழ்வு, எல்லாம் ஒன்றரை நிமிடத்துக்குள். எண்ணிக்கை எவன் மனதையும் தொடாது, கண்ணீர் தொடும் என்றார். ஜெயபால் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

முகம் சுலபமாகக் கிடைத்தது. வத்தலக்குண்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லிக் கடை போட்டிருந்த வீராயி. கரும்பு லாரி ஏறி ஒரு கால் போய், வருஷக்கணக்கில் தரையில் தவழ்ந்தவள். ‘அடியெடு’ கொடுத்த காலில் நின்றுதான் இப்போது இட்லி அவிக்கிறாள். பின்பு வந்த வாழ்வு படத்தில் அழகாகவே விழுந்தது. முன்பு பட்ட பாட்டுக்குத்தான் படம் இல்லை. கால் பொருத்துவதற்கு முன் அவளை எடுத்துவைக்க அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடையில் காமிராவைக் கண்டதுமே வீராயி ஒரு வாக்குக் கேட்டிருந்தாள். “எதை வேணாலும் எடு பாப்பா. தவழ்ந்து காட்டச் சொல்லி மட்டும் கேக்காத. எம்மக அதைப் பாத்துப் பாத்தே வளந்தவ.” தமயந்தி கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். மனசாரத்தான் கொடுத்தாள்.

அடுத்த வாரம் கால் உரசிப் புண்ணாகிறது என்று வீராயி நிறுவனத்துக்கு வந்தாள். காலைக் கழற்றிப் பட்டறைக்குள் கொண்டுபோனார்கள். உள்ளே புது மெத்தை வைத்து ஒட்டி, பசை காய்ந்து கைக்கு வர சாயங்காலம் ஆகும் என்றார்கள். அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஜெயபால் பக்கத்தில் வந்து அமர்ந்து, கால் கிடைக்காமல் காத்திருக்கிறவர்களைப் பற்றி உருக்கமாகப் பேசினார். முன்பு தவழ்ந்தது போல வாசலிலிருந்து குழாயடி வரை ஒரே ஒரு முறை தவழ்ந்து காட்டினால் அவர்களுக்கெல்லாம் வழி பிறக்கும் என்றார்.

வீராயி தமயந்தியைப் பார்த்தாள். தமயந்தி காமிராவைப் பார்த்தாள். வாக்கை மீறிக் கேட்டது அவள் இல்லை என்றாலும், அந்த நொடியில் தன்மேல் அவளுக்கே அருவருப்பு வந்தது.

“சரி சார்” என்றாள் வீராயி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் இறங்கினாள்.

படத்தில் இருப்பவருக்கே போட்டுக் காட்டிச் சம்மதம் வாங்காமல் எந்தப் படத்தையும் வெளியிடுவதில்லை என்பது அந்த நிறுவனத்தின் வழக்கம். மதியமே வீடியோவை வெட்டி ஒட்டி, பெஞ்சுக்கே கொண்டுவந்து காட்டினார்கள். அதற்கும் வீராயி சரி என்றாள். சாயங்காலம் கால் கைக்கு வந்ததும் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

படம் காட்டுத்தீயாகப் பரவியது. நன்கொடை வந்தது, காத்திருந்தவர்கள் பலருக்குக் கால் கிடைத்தது, அதை இல்லை என்று சொல்ல முடியாது. கடையிலோ, இட்லி வாங்க வந்தவர்கள் மீதிச் சில்லறையை வாங்காமல், அவள் முகத்தையும் பார்க்காமல் போனார்கள். சிலர் இட்லியே வாங்காமல் தட்டில் நோட்டை வைத்துவிட்டுப் போனார்கள்.

வீராயியின் மகள் நாகஜோதி, நர்சிங் படிக்கிறவள், அலுவலகத்துக்கே வந்து நின்றாள். “எங்கம்மா தவழ்ந்ததை ஊரு இப்பத்தான் மறந்துச்சு. நீங்க மறுபடியும் தரையில இறக்கிட்டீங்க” என்றாள். படத்தை உடனே எடுத்தாக வேண்டும் என்பது அவள் கட்சி.

சம்மதம் ஒரு முறைக்கு இரண்டு முறை வாங்கியாயிற்று, படத்தால் பல பேர் நடக்கிறார்கள், எடுக்கவே கூடாது என்பது ஜெயபாலின் கட்சி. மீறி எடுத்தால் வேலை போகும் என்றும் தமயந்தியிடம் சொல்லிவைத்தார்.

தமயந்தி ஃபோனில் கேட்டபோது வீராயி, தன் வாயால் சரி என்று சொன்னதை இனி எப்படி மாற்றுவது, கிடக்கட்டும் விடு என்றாள். சொன்ன சொல்லைக் காப்பது அவள் கட்சி.

படத்தை நீக்கும் கடவுச்சொல் தமயந்தியிடம் இருக்கிறது. சொல்லுங்கள், இந்த மூவரில் யார் பேச்சை அவள் கேட்க வேண்டும்?

விடை: மூவர் பேச்சையும் அல்ல. முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போகக் கூடியவர் சொன்னால்தான் அது சம்மதம். வீராயி இரண்டு முறை சரி சொன்னபோதும் அவள் கால் பட்டறையில் இருந்தது. ஃபோனில் சொன்னதும் அந்தச் சரியைக் காக்கத்தான். ஆகவே சம்மதம் இன்னும் கேட்கப்படவே இல்லை. அவளுக்குப் பதிலாகச் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல மகளுக்கும் உரிமை இல்லை. தமயந்தி கடைக்குப் போய், காலூன்றி நின்று இட்லி ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் தன் தப்பைச் சொல்லிவிட்டுப் புதிதாகக் கேட்டாள். “வேணாம் பாப்பா” என்றாள் வீராயி. படம் அன்றே நீங்கியது, தமயந்தியின் வேலையும் போயிற்று. இந்தக் கதையிலிருந்து ஜெயபாலும் ஒரு பாடம் கற்றார். இப்போதெல்லாம் கால் அளவெடுக்க வருகிறவர்களிடம், கால் கைக்கு வருவதற்கு முன்பே படத்துக்குச் சம்மதம் என்று கையெழுத்து வாங்கிவிடுகிறார்.